கறுப்புக்கு ஒரு கரை

செவலைப் பெட்டை, சினை ஏழு மாதம்
என்று எழுதிக் கொடுத்து விற்றவர் இமான்பெக்.
பொலிகுதிரையும் செவலைதான், பந்தயத்தில்
இரண்டு முறை முந்தியது, என் பட்டியை விட்டு
அந்தப் பெட்டை வெளியே போனதே இல்லை
என்றும் அதே தாளில், பெருவிரல் மசியோடு.
வாங்கியவள் புருல்சா.
கொடுத்த விலையில் பாதி
வயிற்றுக்குள் இருந்ததற்கு.

நாரின் ஆற்றில் பனிப்பாளம் உடைந்த வாரம்
குட்டி விழுந்தது.
எலி நிறம்.
பிறந்த மயிரை நம்பாதே என்றேன்.
கால்நடை மருத்துவச்சி நான். பொறுத்திருக்கச் சொல்வதும்
அதற்குக் காசு வாங்குவதும் என் தொழில்.

கோடை முழுக்க மேல்மேய்ச்சலில் ஓடியது.
செப்டம்பரில் கண்ணைச் சுற்றி முதலில் உதிர்ந்தது,
பிறகு முழங்கால்.
அடியில் கறுப்பு. பிடரி கறுப்பு, வால் கறுப்பு,
காது விளிம்புகூட.
உடம்பு மட்டும் வறுத்த கோதுமை.

தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு
புருல்சா வந்தாள்.
இமான்பெக்கும் வந்தார், மூன்று தம்பிகளோடு,
சாட்சிக்கா சண்டைக்கா தெரியவில்லை.

உப்பு மூட்டைமேல் உட்கார்ந்து சொன்னேன்:
எந்தக் குதிரையிடமும் இதற்கு இரண்டு சீட்டு.
ஒன்று தாய் தந்தது, ஒன்று தகப்பன் தந்தது.
தன் குட்டிக்கு அது இரண்டையும் தராது.
ஒன்றைத் தரும்,
எதை என்று அதற்கே தெரியாது.
'கறுப்பு செய்' என்று ஒரு சீட்டு பேசினால் போதும்,
கறுப்பு எங்காவது வந்துவிடும்.
செவலையாக நிற்க
இரண்டும் ஊமையாக இருக்க வேண்டும்.
ஊமைச் சீட்டு மட்டுமே உள்ள இருவர்
பேசும் சீட்டை எங்கே போய்க் கடன் வாங்குவார்கள்?

இரண்டு கறுப்பு சேர்ந்து செவலை பிறக்கலாம்.
தலைமுறை தலைமுறையாக ஒடுங்கிக் கிடந்தது
இரு பக்கமும் ஒரே இரவில் கை நீட்டிவிடும்.
அதற்கு யாரையும் ஏச முடியாது.
இரண்டு செவலை சேர்ந்து இப்படி,
இருபத்தாறு வருடத்தில் நான் பார்த்ததில்லை.

கடைசித் தம்பி தொண்டையைச் செருமினான்.
அக்கரையில் சிர்காக்கின் கருங்குதிரை.
போன வருடத்து ஜூன்.
வேலி விழுந்தது
ஒரே ராத்திரிதான், என்றான்.

இமான்பெக் விடவில்லை.
அப்பன் முழுக் கறுப்பென்றால்
குட்டியும் முழுக் கறுப்பாக அல்லவா இருக்கணும்?
பிடித்துவிட்டதாக நினைத்தார்.
நல்ல கேள்வி. கல்லூரியில் இதே கேள்விக்கு
நான் ஒரு முறை தோற்றிருக்கிறேன்.

கறுப்பை எங்கே நிறுத்துவது என்பதற்கு
வேறொரு சீட்டு உண்டு.
அது சிர்காக்கின் குதிரையிடம் இல்லை,
இந்தப் பெட்டையிடம் இருந்தது.
தன் உடம்பில் ஒரு மயிர் கறுப்பில்லாதவள்
கறுப்புக்குக் கரை கட்டும் கட்டளையை
ஒன்பது வருடம் சும்மா சுமந்தாள்,
ஆடே இல்லாத வீட்டில் பட்டிக் கதவு போல.
அந்த ராத்திரி ஆடு வந்தது.
கதவு அதன் வேலையைச் செய்தது.

நடுத்தம்பி என்னைத் தனியே இழுத்தான்.
என் மகளுக்குச் சாம்பல் கண்,
எங்கள் இருவருக்கும் இல்லை.
மனுஷக் கண் ஒற்றைச் சீட்டில் எழுதியதல்ல,
பல கைகள் கிறுக்கியது.
வீட்டுக்குப் போ, என்றேன்.
போகவில்லை. கொஞ்ச நேரம் குட்டியையே பார்த்தான்.

மூன்று செம்மறி தருகிறேன் என்றார் இமான்பெக்.
ஐந்து, என்றாள்.
நான்கில் முடிந்தது.
குட்டியைத் திருப்பித் தருகிறாயா என்று கேட்டதற்கு
அவள் பதிலே சொல்லவில்லை.

பிறகு என்னிடம்,
கருங்குதிரையோடு மறுபடி சேர்த்தால்?
அதன் இரண்டு சீட்டும் பேசுமா, ஒன்று ஊமையா,
பார்த்தால் தெரியாது.
செவலை ஒன்று பிறந்தால் உடனே தெரியும்.
பிறக்காவிட்டால் எண்ணிக்கொண்டே இருக்கணும்.
நாலைந்து குட்டி போதாது.

மடித்த தாளை விரித்தாள்.
மசிவிரல் பதிந்த பக்கத்தைக் கீழே வைத்து,
வெள்ளைப் பக்கத்தில்
'ஒன்று' என்று எழுதினாள்.
குட்டி உப்பு மூட்டையை நக்கிக்கொண்டிருந்தது.